தொலைவைச் சுருக்கிய அன்பு: 'பறக்கும் குரு' பால் ஷுல்டே

கனடா நாட்டின் வடகோடியில், பாஃபின் தீவின் வடபகுதியில், ஆர்க்டிக் பே என்றொரு சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 73 பாகை வட அட்சத்தில், பனிக்கடலின் ஒரு கிளையோரமாக அமைந்த ஊர் அது. உயர்ந்த குன்றுகள் சூழ்ந்திருப்பதால் அங்கு வாழும் இன்யூட் மக்கள் தங்கள் மொழியில் அந்த ஊரை இக்பியர்ஜுக், அதாவது 'பை' என்று அழைக்கின்றனர். அங்கிருந்து தென்மேற்கே, ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் என்னும் இன்னொரு சிற்றூர் இருக்கிறது. சில வீடுகள் உள்ள இடம் என்பது அதன் இன்யூட் பெயரின் பொருள். இவ்விரு ஊர்களும் இன்று நுனாவுட் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவை. முதல் ஊரில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களும், இரண்டாவது ஊரில் சில நூறு பேரும் வாழ்கின்றனர். இரண்டிலும் சரளைக்கல் ஓடுதளம் கொண்ட சிறிய விமான நிலையங்கள் உள்ளன. வெளியூர்களுடன் இவற்றை இணைக்கும் சாலை எதுவும் கிடையாது.

இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இன்றைய விமானம் நேராகப் பறந்தால் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பயணிகள் விமானங்கள் வேறு ஊர்கள் வழியாகச் சுற்றிச் செல்வதாலும், மூடுபனியும் பனிப்புயலும் அடிக்கடி குறுக்கிடுவதாலும், பயணம் அதைவிட அதிக நேரம் எடுக்கும் என்பது வேறு செய்தி. ஆனால் 1938ஆம் ஆண்டில் இவ்விரு ஊர்களிலும் விமான நிலையம் என்று எதுவுமே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தத் தொலைவைக் கடந்து ஒரு நோயாளியைக் காப்பாற்றியவர் ஓர் அருள்பணியாளர். 'பறக்கும் குரு' என்று உலகம் அழைத்த அருள்தந்தை பால் ஷுல்டே அவர்களின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

போர் விமானியிலிருந்து அருள்பணியாளராக

பால் ஷுல்டே 1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் பிறந்தார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அவரது தலைமுறையைச் சேர்ந்த இளைஞர்கள் இலட்சக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பால் ஷுல்டேயும் படைவீரரானார், விமானியும் ஆனார். அன்றைய விமானங்கள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திச் செய்யப்பட்டவை. அவற்றில் ஏறிச் சென்ற இளம் விமானிகளில் பலர் உயிரோடு திரும்பவில்லை. பால் ஷுல்டே திரும்பி வந்தார்.

போர் முடிந்தபின் அமலமரித் தியாகிகள் சபையில் குருத்துவப் பயிற்சியைத் தொடர்ந்த அவர், 1922ஆம் ஆண்டு குருவாக அருள்பொழிவு பெற்றார். புனித யூஜின் தே மசனோ 1816இல் பிரான்சில் தொடங்கிய சபை இது. ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பதே இதன் தனிச்சிறப்பு. 1847இல் இலங்கை வந்து இறங்கி, யாழ்ப்பாண மண்ணின் தமிழ்க் கத்தோலிக்க மக்களிடையே பணி தொடங்கிய அதே சபை. யாரும் போகத் தயங்கிய இடங்களுக்கு இச்சபையார் போனார்கள். வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்காவுக்கும், பனி உறைந்த கனடாவின் வடபகுதிக்கும் அவர்கள் சென்றார்கள்.

போரில் கற்ற விமானமோட்டும் கலை இனித் தமக்குத் தேவைப்படாது என்று ஓர் இளங்குரு எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் இறைவன் நமக்குக் கொடுக்கும் எந்தத் திறமையையும் வீணாக விடுவதில்லை.

ஒரு நண்பரின் மரணம்

அருள்தந்தை ஷுல்டேயின் நெருங்கிய நண்பர் அருள்தந்தை ஓட்டோ ஃபூர்மன். அவரும் அதே சபையைச் சேர்ந்தவர். அவர் அன்று தென்மேற்கு ஆப்பிரிக்கா எனப்பட்ட நாட்டின் வடபகுதியில், ஓவம்போ மக்களிடையே மறைபரப்புப் பணிக்காக அனுப்பப்பட்டார். இன்று நமீபியா என்று அழைக்கப்படும் நாடு அது. மணல்வெளியும் முட்புதர்களும் நிறைந்த அப்பகுதியில் ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தொலைவு. மருத்துவமனை பல நாள் பயணத் தொலைவில் இருந்தது.

1925ஆம் ஆண்டு அருள்தந்தை ஃபூர்மன் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அவரை விரைவாக மருத்துவரிடம் கொண்டு செல்ல ஒரு மோட்டார் வாகனம்கூட அங்கே இல்லை. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல், இளவயதிலேயே அவர் உயிர்நீத்தார்.

இச்செய்தி ஜெர்மனியில் இருந்த அருள்தந்தை ஷுல்டேயை உலுக்கியது. தம் நண்பருடைய உயிரைப் பறித்தது நோய் மட்டுமல்ல, தொலைவும்தான் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த நோய்க்கு உலகில் மருத்துவம் இல்லாமல் இல்லை. மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் நோயாளிக்கும் நடுவே கிடந்த வழியைக் கடக்கத்தான் ஒரு வழி இல்லாமல் போயிற்று. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் மோட்டார் வண்டிகள் நெரிசலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வானில் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. போர்க்களத்தில் குண்டு வீசுவதற்குக் கிடைத்த விமானம், காய்ச்சலில் கிடந்த ஒரு குருவுக்குக் கிடைக்கவில்லை.

நம்மில் பலரும் அன்புக்குரியவர்களை இழந்தபின், இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று வருந்துகிறோம். அந்த வருத்தம் சிலரை உள்ளுக்குள் முடக்கிவிடுகிறது. அருள்தந்தை ஷுல்டேயை அது எழுந்து நடக்க வைத்தது. இறந்த நண்பரை இனித் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அவரைப்போல் இன்னொருவர் இறக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தீர்மானித்தார்.

மிவா பிறந்தது

1927ஆம் ஆண்டு கொலோன் நகரில் அவர் ஓர் அமைப்பை நிறுவினார். மறைபரப்புப் பணியாளர்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து தருவதே அதன் நோக்கம். அதன் நீண்ட ஜெர்மானியப் பெயரைச் சுருக்கி 'மிவா' என்று அழைத்தனர். அப்போது கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடெனாவர் இம்முயற்சிக்குத் துணைநின்றார். இவரே இரண்டாம் உலகப்போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியின் முதல் தலைமை அமைச்சரானவர்.

நிலத்திலும் கடலிலும் வானிலும் கிறிஸ்துவை எதிர்கொண்டு செல்வது என்பதே மிவாவின் குறிக்கோள். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கருத்து உண்டு. மறைபரப்புப் பணியாளர் கிறிஸ்துவை எடுத்துச் செல்கிறார் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்வோம். இக்குறிக்கோளோ, அவர் கிறிஸ்துவைச் சந்திக்கச் செல்கிறார் என்கிறது. நோயுற்றிருந்தபோது என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் சொல்லப்போவதை நாம் அறிவோம். அப்படியானால் தொலைதூரத்தில் படுத்திருக்கும் நோயாளியிடம் ஆண்டவர் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டார். நாம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அக்காலத்தில் திருஅவையை வழிநடத்திய திருத்தந்தை 11ம் பயஸ், மறைபரப்புப் பணிமேல் தனி ஆர்வம் கொண்டவர். மறைபரப்புப் பணி பற்றி 1926இல் அவர் ஒரு சுற்றுமடலை வெளியிட்டார். மிவா தொடங்கிய அதே 1927ஆம் ஆண்டு டிசம்பரில், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அறிவியலின் புதுக் கண்டுபிடிப்புகளை நற்செய்திக்குப் பயன்படுத்தத் தயங்காதவர் அவர். 1931இல் வானொலியைக் கண்டுபிடித்த மார்க்கோனியின் உதவியோடு வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்ததும் அவரே.

வானில் ஒரு திருப்பலி

1936ஆம் ஆண்டு மே மாதம் ஹிண்டன்பர்க் என்னும் மாபெரும் ஆகாயக் கப்பல் ஜெர்மனியிலிருந்து வட அமெரிக்காவுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. அதில் அருள்தந்தை ஷுல்டேயும் ஒரு பயணி. வானில் பறந்துகொண்டிருக்கும்போது திருப்பலி நிறைவேற்றத் திருத்தந்தை 11ம் பயஸிடம் அவர் தனி அனுமதி பெற்றிருந்தார். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் அப்பயணத்தில், ஆகாயக் கப்பலின் கூடத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். வானில் நிறைவேற்றப்பட்ட முதல் திருப்பலி என்று அது வரலாற்றில் இடம்பெற்றது.

அந்தத் திருப்பலியில் மெழுகுதிரிகள் ஏற்றப்படவில்லை. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவால் நிரப்பப்பட்ட கப்பல் என்பதால், திரிகளை ஏற்றாமலே திருப்பலி நிறைவேற்ற அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பதை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. 1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் தரையிறங்கும்போது ஹிண்டன்பர்க் தீப்பற்றி எரிந்தது. 36 பேர் உயிரிழந்தனர்.

இந்த வான்வழித் திருப்பலியால் அருள்தந்தை ஷுல்டேயின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் வந்தது. ஆனால் அவரை நாம் நினைவுகூர வேண்டியது அதற்காக அல்ல. அந்தப் புகழ் வெளிச்சத்தைவிட்டு அவர் போன இடம் ஒன்று உண்டு. அங்கே படம் பிடிக்க எவரும் காத்திருக்கவில்லை.

பனிநிலத்தின் மறைபரப்புத்தளம்

செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டில் 1912ஆம் ஆண்டு அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் மறைபரப்புத்தளம் ஒன்றைத் தொடங்கினர். அதற்குத் தலைமை ஏற்றவர் அருள்தந்தை அர்சேன் துர்கெத்தில். முதல் சில ஆண்டுகள் அவருக்குக் கண்ணீரின் ஆண்டுகளாக இருந்தன. கடும் குளிரைத் தாங்கி, மொழியைக் கற்று உழைத்தும், ஒருவர்கூடத் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. அந்நேரத்தில்தான் லிசியு நகரின் தெரேசாவிடம் அவர் மன்றாடினார். தெரேசா அப்போது இன்னும் புனிதராக அறிவிக்கப்படவில்லை. 1917ஆம் ஆண்டு ஜூலையில் முதல் இன்யூட் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். பின்னாளில் ஆயரான துர்கெத்தில், தெரேசாவை மறைபரப்புப் பணியின் பாதுகாவலியாக அறிவிக்கும்படி திருத்தந்தையிடம் விண்ணப்பித்தவர்களுள் முன்நின்றார்.

1931ஆம் ஆண்டு இந்த ஊரில் புனித தெரேசா பெயரால் ஒரு மருத்துவமனை எழுந்தது. கியூபெக் மாநிலத்திலிருந்து வந்த அருட்சகோதரிகள் அதில் பணியாற்றினர். எங்கும் பனியே பரவிக் கிடக்கும் அந்தப் பெருநிலத்தில் ஒரு மருத்துவமனை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அங்கேயும் அருள்தந்தை ஃபூர்மனைக் கொன்ற அதே தொலைவு குறுக்கே நின்றது.

கோடையில் பனி உருகும்போது ஆண்டுக்கு ஒருமுறை பொருள்களை ஏற்றிக்கொண்டு கப்பல் வரும். அது போய்விட்டால் மறு ஆண்டுதான். குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே வாகனம். அதில் நாள் ஒன்றுக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் போக முடிந்தாலே பெரிது. ஆர்க்டிக் பே ஊரிலிருந்து 1,100 கிலோமீட்டரை, ஒரு நாள்கூட ஓய்வின்றி நேர்கோட்டில் கடந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் விரிகுடாக்களையும் மலைகளையும் சுற்றிக்கொண்டு, புயல் அடங்கும்வரை பனிவீட்டில் காத்திருந்து செல்லும் பயணம் அது. ஆகவே மாதக்கணக்கில் நீளும். காய்ச்சலில் துடிக்கும் ஒரு மனிதருக்கு மாதங்கள் ஏது?

1938 ஆகஸ்டு

அருள்தந்தை ஷுல்டே கனடாவின் வடபகுதிக்கு விமானத்தோடு வந்து சேர்ந்தார். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய விமானம் அது. கோடையில் நீரில் இறங்குவதற்கு வசதியாக அதில் மிதவைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஓடுதளமே இல்லாத நாட்டில் கடலும் ஏரியுமே விமானத் தளங்கள்.

1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வானொலி வழியே ஒரு செய்தி வந்தது. ஆர்க்டிக் பே ஊரில் பணியாற்றிய அருள்தந்தை ஜூலியன் கோஷார் என்னும் இளங்குரு கடுமையாக நோயுற்றிருக்கிறார் என்பதே அச்செய்தி. பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செய்தியைப் போன்றே இதுவும் இருந்தது. அதே சபை, மீண்டும் ஓர் இளங்குரு, மீண்டும் காய்ச்சல், இடையே மீண்டும் பெருந்தொலைவு. அன்று செய்தி வந்தபோது நண்பர் இறந்திருந்தார். இன்று நோயாளி இன்னும் உயிரோடு இருந்தார். அதோடு, இன்று கையில் ஒரு விமானம் இருந்தது.

அப்பயணத்தின் இடர்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். புவியின் வட காந்த முனை அக்காலத்தில் ஆர்க்டிக் பே ஊருக்கு மேற்கே, கனடாவின் தீவுகளுக்கிடையே இருந்தது. அதன் அருகே செல்லச் செல்லத் திசைகாட்டி முள் நம்பகமற்றுப் போகும். நம்பத்தக்க வரைபடங்களும் அன்று இல்லை. கரையோரத்தையும் மலைகளையும் கண்ணால் பார்த்துத்தான் வழி அறிய வேண்டும். கடல்மீது மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் முடியாது. இறங்கும் நீரில் மிதக்கும் ஒரு பனிக்கட்டி மிதவையைக் கிழித்துவிட்டால், அங்கேயே விமானத்தின் கதை முடிந்துவிடும். வழியில் எரிபொருள் நிரப்ப நிலையங்கள் கிடையாது. அந்நாட்டில் எரிபொருள் என்றால், கோடைக் கப்பல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பீப்பாய்கள்தான். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அத்தகைய விமானம், நில்லாமல் நேராகப் பறந்தாலும் ஆர்க்டிக் பேயிலிருந்து செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் வந்துசேர ஐந்தரை மணி நேரம் ஆகும். நில்லாமலும் நேராகவும் பறப்பது அங்கே இயலாத செயல்.

அருள்தந்தை ஷுல்டே புறப்பட்டார். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலிருந்து வடக்கு நோக்கிப் பறந்து, ஆர்க்டிக் பே ஊரின் நீரில் இறங்கினார். நோயுற்ற குருவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். போகவும் வரவுமாக அவர் பறந்த தொலைவு ஏறத்தாழ 2,200 மைல், அதாவது 3,500 கிலோமீட்டர். அருள்தந்தை கோஷார் செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார்.

மாதக்கணக்கில் நீளக்கூடிய பாதை, வானில் சில மணி நேரங்களாகச் சுருங்கிற்று. வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கிலோமீட்டர்கள் மாறவில்லை. ஒருவர் மற்றவருக்காகப் புறப்பட்டார். அவ்வளவுதான் மாறியது.

பனிமய மாதாவின் பக்தர்

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. ஜெர்மானியரான அருள்தந்தை ஷுல்டே, ஜெர்மனியோடு போரிட்ட கனடாவில் இனிப் பறக்க இயலாத நிலை உருவானது. வடதுருவப் பகுதியில் தாம் பெற்ற அனுபவங்களை நூலாக எழுதி 1940இல் அமெரிக்காவில் வெளியிட்டார். அங்கே இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் நகரில் இருந்த தம் சபையின் இளங்குருமடத்தில் தங்கினார்.

பறக்க முடியாத அந்த நாள்களில் அவர் இன்னொரு விதையை ஊன்றினார். 1941ஆம் ஆண்டு அவர் அங்கே பனிமய மாதா பக்தியை அறிமுகப்படுத்தினார். உரோமையின் எஸ்குலின் குன்றில் ஆகஸ்டு மாத வெயிலில் பனி பெய்ததாகச் சொல்லும் மரபிலிருந்து பிறந்த பக்தி இது. ஆகஸ்டு 5ஆம் நாள் இவ்வன்னையின் விழா. பனிப்பரப்பின்மேல் அன்னை மரியா நிற்க, அருகே சிறு விமானத்தோடு ஒரு மறைபரப்புக் குரு இருக்கும் ஓவியம் ஒன்றும் அங்கே வரையப்பட்டது. அப்பக்தி வளர்ந்து, 1958இல் அங்கே நிலம் வாங்கப்பட்டு, இன்று வட அமெரிக்காவின் மிகப்பெரிய திறந்தவெளித் திருத்தலங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது.

பனியே காணாத தூத்துக்குடிக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாகப் பனிமய மாதாவைத் தாயாகக் கொண்டாடும் நம் மக்களுக்கு, பனியின் நடுவே அதே அன்னையின் கரம் பிடித்துப் பறந்த இந்தக் குரு அந்நியரல்லர்.

மறைக்கக் கூடாத பக்கம்

செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 1955 முதல் 1969 வரை அவ்வூரில் அரசின் பள்ளி ஒன்றும், திருஅவை நடத்திய மாணவர் விடுதி ஒன்றும் இருந்தன. இன்யூட் குழந்தைகள் தம் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தொலைதூர ஊர்களிலிருந்து விமானத்தில் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பலர் தம் மொழியையும் பண்பாட்டையும் இழந்தனர். துன்புறுத்தலுக்கு ஆளானவர்களும் உண்டு. ஒரு நோயாளியைக் காப்பாற்றக் கடந்த அதே தொலைவு, பிற்காலத்தில் பிள்ளையையும் தாயையும் பிரித்துவைத்த தொலைவாகவும் ஆனது.

2022ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் நுனாவுட்டின் தலைநகர் இக்கலுயிட்டுக்கு விமானத்தில் சென்றார். அப்போது அவருக்கு 85 வயது. சக்கர நாற்காலியின் துணையோடு பயணம் செய்தார். விடுதிப்பள்ளிகளில் துன்புற்ற இன்யூட் மக்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு, மன்னிப்புக் கோரினார். அதுவும் தொலைவைக் கடக்கும் ஒரு பயணமே.

வாகனம் தன்னளவில் நல்லதும் அல்ல, தீயதும் அல்ல. யாரைத் தேடிப் போகிறது, எந்த மனத்தோடு போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால் ஷுல்டே இளமையில் ஓட்டியதும் விமானம்தான், ஆர்க்டிக் பேயில் இறக்கியதும் விமானம்தான்.

நண்பர் இறந்த மண்ணில்

போருக்குப்பின் அருள்தந்தை ஷுல்டே தம் பணிகளைத் தொடர்ந்தார். வாழ்வின் இறுதிக் காலத்தை அவர் கழித்தது இன்றைய நமீபியாவில். அவருடைய நண்பர் ஓட்டோ ஃபூர்மன் ஐம்பது ஆண்டுகளுக்குமுன் இறந்த அதே நாட்டில், 1975ஆம் ஆண்டு அவரும் இறைவனடி சேர்ந்தார்.

அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் இயங்கும் மிவா அமைப்புகள், ஏழை நாடுகளின் மறைபரப்புத்தளங்களுக்குச் சைக்கிள், மோட்டார் சைக்கிள், படகு, ஜீப், ஆம்புலன்சு ஆகியவற்றை வாங்கக் கைகொடுக்கின்றன. ஆஸ்திரியாவில் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபர் பெயரால் ஆண்டுதோறும் ஜூலையில் காணிக்கை திரட்டுகிறார்கள். விபத்தின்றிக் கடந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் வகுத்த கணக்கு. பத்தாயிரம் கிலோமீட்டர் பத்திரமாகப் பயணம் செய்தவர் பத்து யூரோ கொடுப்பார். பாதுகாப்பாக வீடு திரும்பியதற்கு நன்றியாக, இன்னொருவர் உரிய நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர உதவுவது எவ்வளவு அழகான பழக்கம்!

நம் சிந்தனைக்கு

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. காயமுற்றவரின் புண்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததோடு அவர் நிற்கவில்லை. தாம் ஏறி வந்த விலங்கின்மீது அவரை ஏற்றிச் சாவடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்படியானால் மீதி வழியைச் சமாரியர் நடந்தே கடந்திருக்க வேண்டும். இரக்கம் என்பது மனம் உருகுவது மட்டுமல்ல. தன் வாகனத்தைவிட்டு இறங்கி, பிறரை அதில் ஏற்றுவதும்தான்.

நம் பங்குகளில் ஆர்க்டிக் பே இல்லை. ஆனால் கிளைப்பங்கு ஒன்றில் படுத்த படுக்கையாக, நற்கருணைக்காகக் காத்திருக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். ஞாயிறு திருப்பலிக்கு வர ஆசையிருந்தும், கூட்டிவர ஆளில்லாத பாட்டி ஒருவர் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். நள்ளிரவில் வலி வந்தால் யாரை அழைப்பது என்று தெரியாமல் தனியாக வாழ்பவர்கள் இருக்கலாம். நம் வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்தில் அவர்களிடம் போய்ச் சேர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத் தொலைவைப் பல ஆண்டுகளாக நாம் கடக்காமல் இருக்கிறோமா? பேசாமல் விட்ட சகோதரர், மன்னிப்புக் கேட்கத் தயங்கும் அயலார், இவர்கள் இன்னும் தொலைவில் இருக்கிறார்களா?

நோயுற்றோரைத் தேடிச் சென்று நலமளித்த ஆண்டவரே, அருள்தந்தை பால் ஷுல்டே வழியாக நீர் எங்களுக்குக் கற்பித்ததற்காக நன்றி கூறுகிறோம். எங்கள் கால்களையும் வாகனங்களையும் உமது பணிக்குத் தருகிறோம். எங்களுக்காகக் காத்திருப்போரிடம் காலம் தாழ்த்தாமல் சென்றுசேர அருள் தாரும். பனிமய மாதாவே, எங்கள் பயணங்களில் துணையாக வாரும். ஆமென்.